ரேடியேட்டருக்குள் மஞ்சள்

என்ஜின் ஹெட் மாற்றுவதென்றால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதுதானே என்று நினைத்திருந்தேன். நடுவில் இத்தனை அசிங்கம் இருக்கிறதென்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எங்கள் பிக்கப் வண்டி வல்லார்பாடத்திலிருந்து திரும்பும்போது பாலத்தின்மேல் ஆவி கக்கி நின்றுவிட்டது. நானும் வீட்டுக்காரரும் மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்தோம். மெக்கானிக் சேட்டன் என்ஜினைத் திறந்து பார்த்து, சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருக்கிறது, புதுசு வாங்கி வாருங்கள் என்றார். வாங்கி வந்தோம். அவருடைய கையாள் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

"பார்ட்ஸ் கழுகான் ஆளில்லா சேச்சி. நிங்க ரெண்டு பேரும் கழுகித் தந்தா நாளைக்கே வண்டி எடுக்கலாம்."

சரி என்று தலையாட்டினேன். இந்த வண்டி வாங்கும் முன் என் வீட்டுக்காரர் நாசிக் லைன் லாரி ஓட்டினார். போனால் வாரக்கணக்கில் ஆள் இருக்க மாட்டார். வந்தால் தூங்குவார். மகள் அவரை யாரோ என்று நினைத்து என் பின்னால் ஒளிந்துகொள்வாள். மறுபடியும் அந்தப் பிழைப்புக்கு அவர் போகக் கூடாது. அதற்காகத்தான் நைட்டிமேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு டீசல் வாளி முன்னால் குந்தினேன்.

சீ! எத்தனை மீன் கழுவியிருப்பேன், எத்தனை அடைத்த சாக்கடையைக் குத்தியிருப்பேன். எதிலும் இப்படிக் குமட்டியதில்லை. வால்வுகளில் கரி பொருக்குத் தட்டிக் கிடந்தது. பிளேடால் சுரண்டினால் ஈரமாக உதிர்ந்து நகக்கண்ணில் ஏறியது. ஆயில் தட்டைத் திறந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்து, ஆறிப்போன பால்சாயாவின் ஆடை மாதிரி கொழகொழவென்று ஒரு வஸ்து. அதைக் கையால்தான் வழிக்க வேண்டுமாம். வழித்தேன். முழங்கை வரை வழிந்தது. புறங்கையால் மூக்கைத் துடைக்கப்போய் மூக்கிலும் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து இவர் பழம்பொரி தின்கிறார்!

"அந்தக் கையோடயா? கருமம் கருமம்! மனுசனா நீங்க?"

"டீசல் பட்டா ஒண்ணும் ஆவாது புள்ள. உனக்கு ஒண்ணு வேணுமா?"

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அடுத்தது பிளாக். என்ஜினின் அடிப்பாகம் அது. தண்ணீர் ஓடுவதற்கென்று அதில் வரிசையாக ஓட்டைகள் உண்டு. ஒன்றிலும் வெளிச்சம் தெரியவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தபோது மஞ்சளும் பழுப்புமாகக் களி உருண்டை உருண்டையாக வந்தது. அதில் சாக்கு நார் வேறு. நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அந்த நாற்றத்துக்கு அடியில் எனக்குத் தெரிந்த வாசனை ஒன்று இருந்தது. தினமும் குழம்பில் போடுகிறவளுக்குத் தெரியாதா?

"ஏங்க, இது மஞ்சத்தூள் தானே?"

அவர் பழம்பொரி சுற்றிய காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ரேடியேட்டர் ஒழுகுச்சு. ஒரு சிட்டிகை போட்டா ஓட்டை அடைச்சுக்கும். லாரிக்காரங்க எல்லாரும் செய்றதுதான்."

"சிட்டிகையா இது? கல்யாணப் பந்திக்கே போதுமே!"

"லோடு ஏத்துற கிடங்குல கூட்டி வச்ச தூள் சும்மாதானே கெடந்துச்சு. ஒழுகறப்பல்லாம் ஒரு பிடி போட்டேன்."

மெக்கானிக் சேட்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த பஜார் வண்டியெல்லாம் அங்ஙனெ தன்னே சேச்சி. போன மாசம் ஒரு வண்டியில குருமுளகு கிட்டி."

மிளகு கிடைத்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. ஓட்டையை அடைக்கப் போட்டது தண்ணீர் போகிற வழியையெல்லாம் அடைத்து, சூடு ஏறி, ஹெட்டை வெடிக்க வைத்திருக்கிறது. வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனிதர். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே குடைந்தேன். ஒவ்வொரு ஓட்டையாக நாற்றக் களியைத் தோண்டி எடுத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டு, துணியால் ஒற்றி எடுத்தேன். சாயங்காலத்துக்குள் அந்த இரும்பு வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. என் சமையலறையில் ஒரு பாத்திரத்தைக்கூட அப்படித் தேய்த்ததில்லை.

சேட்டன் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. பிளாக்கின் மேல் டீசல் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசினார். "கொஞ்சம் நிக்கட்டே" என்றார். நின்றோம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில், வெள்ளைப் பூச்சின்மேல், தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. உள்ளே போன டீசல் விரிசல் வழியாக வெளியே வருகிறது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பிளாக்கும் போயி" என்றார்.

"புது ஹெட்டு போட்டா ஓடாதா சேட்டா?" என்று இவர் கேட்டார்.

"ரெண்டு நாள் ஓடும். பின்னே வழியில கிடக்கும். வேற என்ஜின் வெக்கணும். அதினு இந்த வண்டி கொள்ளூலா."

இந்த வண்டி அதற்குத் தாங்காது என்கிறார். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே புது ஹெட் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து ஒட்டுத்தாளை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தேன். சேட்டன் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"பொட்டிக்கண்டா சேச்சி! அழுக்கு படாம இருந்தா கடைக்காரன் திரிச்செடுக்கும்."

பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். பெட்டியைக் கீழே வைத்தேன். கையைக் கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இவர் வாசலுக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர், அன்றைக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். ஆனாலும் கேட்டது.

"அண்ணே, லைன் வண்டிக்கு ஆள் வேணுமா? இல்லண்ணே, வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டா. நாளைக்கே ஏறிக்கிறேன்."