பக்கத்து வீட்டைப் பார்த்த ஃபேன்

காளான் வளர்ப்பது சுலபம். அதை வளர்க்கும் அறையின் காற்றை எந்தப் பக்கம் வெளியேற்றுவது என்பதில்தான் மனிதனின் மானம் போகும்.

தொண்ணூறுகளில் எங்கள் கோயமுத்தூர் வட்டாரத்தில் வேலையை விட்டவன், வேலை கைவிட்டவன் எல்லோரும் சிப்பிக் காளானில் இறங்கினோம். நானும் சோமனூரில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை இருட்டாக்கி, வேகவைத்த வைக்கோலைப் பாலித்தீன் பைகளில் திணித்துத் தொங்கவிட்டேன். ஈர வைக்கோல் புளித்துக் கிளப்பும் காற்று வெளியே போகாவிட்டால் காளான் உருப்படாது. ஆகவே சுவரில் ஓட்டை போட்டு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். இதே பாவத்தைச் செய்த அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

பெருச்சாளி வேட்டை

ஒரு பக்கம் என் சமையலறை. இன்னொரு பக்கம் ரோடு. மிச்சமிருந்தது பக்கத்து வீட்டு மாரப்பண்ணன் பக்கம்தான். தறிப்பட்டறை வைத்திருந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். "பாலக்காட்டுக் காத்து வீசற ஊரு. நாத்தம் நேரா ஈரோட்டுல போய்த்தான் எறங்கும்" என்று என் வீட்டுக்காரியிடம் அளந்துவிட்டு ஃபேனைப் போட்டேன். அது ஈரோடு போகும் வழியில் மாரப்பண்ணன் வீட்டுக் கூடத்தில் தங்கிவிட்டது.

சில நாள் பொறுத்துப் பார்த்தவர், மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "ஏனுங்க, உங்கூட்டுப் பக்கம் பெருச்சாளி ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா? நம்ம பசங்கள விட்டுத் தேடச் சொல்லட்டுமுங்களா?" திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அத்தனை 'ங்க'வுக்கு முன்னால் வாய் வரவில்லை. "இருக்குமுங்க" என்றேன். தறிக்காரர்கள் குச்சியோடு வந்துவிட்டார்கள். நானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, இல்லாத பெருச்சாளியை அவர்களோடு சாயங்காலம் வரை தேடினேன். கடைசியில் ஒரு தறிக்காரர் என் முகத்தையே பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, கரண்ட் போனா பெருச்சாளியும் நாறறத நிறுத்திப்போடுதே, அதெப்படீங்க?"

கரி வைத்தியம்

அடுத்த வாரம் மாரப்பண்ணனே வீட்டுக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை நம்ம பொண்ணு கோகிலாவப் பாக்கப் பல்லடத்துல இருந்து வர்றாங்க. இதுக்கு முந்தி வந்த எடமெல்லாம் தட்டிப்போச்சுங்க. அன்னைக்கு ஒரு நாளைக்காச்சும்..." கொடுத்த டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

கொட்டாங்குச்சிக் கரி நாற்றத்தை உறிஞ்சும் என்றார்கள். உண்மைதான், உறிஞ்சும். ஆனால் அதை முதலில் நன்றாகக் கழுவித் தூளைப் போக்க வேண்டும். நான் அவசரக்காரன். அப்படியே சாக்கில் கட்டி, ஃபேனுக்கு முன்னால் தொங்கவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். அந்தப் பக்கம் எழும்பிய கரித்தூள் மேகத்தைப் பார்த்து, சூலூர்க்காரர்கள் மழை வருகிறதென்று வடகத்தை எடுத்து உள்ளே வைத்ததாகக் கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் வருகைக்காகத் துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டி, தலையணை உறை, மேல்துண்டு எல்லாம் கரி. கொடிக்கயிற்றுக்குக் கீழே மாரப்பண்ணன் சம்சாரம் சரசக்கா கருத்த முகத்தோடு நின்று சொன்னார்: "நாத்தம் கண்ணுக்குத் தெரியாமலாச்சும் இருந்துச்சுங்க, அதையும் தெரியற மாதிரி பண்ணிப்போட்டீங்களே!"

அடைத்தால் இப்படி

வேறு வழியில்லை. புதன்கிழமையே ஃபேனை நிறுத்தி, ஓட்டையில் சாக்கைத் திணித்து, கதவையும் சாத்திவிட்டேன். நாற்றம் நின்றது. உள்ளே காளான்தான் தவித்துப்போனது. காற்றில்லாவிட்டால் குடை விரியாது. காம்பு மட்டும் காற்றைத் தேடி நீளும். முருங்கைக்காய் நீளக் காம்பு, உச்சியில் சட்டைப் பித்தான் அளவு குடை. கதவிடுக்கில் ஒன்று தலையை நீட்டி, யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று பார்த்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் வீட்டுக்காரி அதைக் கிள்ளி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். "நாம பண்ணுனத மூடி மூடி வெச்சா, இப்படித்தாங்க கோணலா மொளைக்கும்."

வெள்ளிக்கிழமை

பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் அழைத்து உட்காரவைத்தார்கள். கூடத்தில் மல்லிகைப் பூ வாசம்தான். கல்யாணம் உறுதியாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பதால் மாப்பிள்ளையின் அப்பா தண்ணீர் மட்டும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கக்கூஸ் எங்கே என்று கேட்டார். "பின்னாலீங்க" என்றார் மாரப்பண்ணன். பின்னால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சந்து. கதவிடுக்கில் கசிந்த நாற்றத்தை வைத்து, தேடியது இதுதான் என்று முடிவுகட்டி, மனிதர் என் காளான் அறையைத் திறந்துவிட்டார்.

அடைபட்டுக் கிடந்தது அத்தனையும் அவரையும் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கை மூடினார். கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். மாரப்பண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை, அது இல்லை. நான் எழுந்து நின்றேன். "நாத்தம் என்னுதுங்க. இந்த ஊட்டுமேல ஒரு கொறையும் இல்லீங்க. என்னால நல்ல எடம் தட்டிப்போச்சுன்னு ஆயிடக் கூடாதுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. "ஏங்கண்ணு, தெனமுமா இப்படி?" என்று கோகிலாவைக் கேட்டார். "மொதல்ல கொமட்டுச்சுங்க அத்தை. அப்பறம் பழகிப்போச்சுங்க." மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தார்: "எலையப் போடுங்க சம்மந்தி, கை நனைச்சுட்டே போறோம்! எங்க கோழிப் பண்ணைய மோந்து பாத்துத்தான் ஒவ்வொரு பொண்ணு ஊட்டுக்காரங்களும் வாசலோட திரும்பிப் போனாங்க. இந்தப் பொண்ணுக்கு எங்க ஊடு பூந்தோட்டம்!"

பந்தியில்

கல்யாணத்தன்று ஆள் கண்ணில் படாமல் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். மாரப்பண்ணன் தேடிப் பிடித்துவிட்டார். பல்லடத்துச் சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்தி, என் தோளில் கை போட்டு, உண்மையான நன்றியோடு அறிமுகம் செய்தார்: "இவரு ஊட்டு நாத்தத்துலதானுங்க நம்ம சம்மந்தமே கூடிவந்துச்சு!"

கெட்ட காற்றை வெளியே தள்ள எத்தனையோ வழி கற்றுக்கொண்டேன் அன்பர்களே, வெட்கத்தை வெளியே தள்ளும் ஃபேனைத்தான் இன்னும் எந்தக் கடையிலும் காணோம்.