டைல்ஸ் அக்கா விழக் கற்றுக்கொண்டாள்

டைல்ஸ் ஒட்டுகிறவளுக்குச் சோறு போடுவது முழங்கால்தான். அதையே பணயம் வைத்து நாற்பது வயதில் ஸ்கேட்போர்டு ஏறினால், பஸ் ஓட்டும் வீட்டுக்காரருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஸ்கேட்டிங் மைதானத்துக் கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டப் போனவள், சாப்பாட்டு நேரத்தில் சும்மா ஒரு சக்கரப் பலகைமேல் ஏறி நின்றாள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. சின்னச் சரிவுகள் பழகியதும் கண் பெரிய ராம்ப்மேல் போனது. இரண்டு பக்கமும் வளைந்து ஏறி, உச்சியில் செங்குத்துச் சுவராகவே நிற்கும் ராட்சசன் அது.

அங்கே பயிற்சி தந்தவள் பகலில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். "மொதல்ல விழக் கத்துக்கங்க அக்கா. பலகைய விட்டுட்டு ரெண்டு முட்டியும் சேத்து மண்டி போட்டு, அப்படியே வழுக்கி எறங்கணும். கைய ஊனக் கூடாது. பல்லு போனா எங்கிட்டதான் வரணும், பாத்துக்கங்க."

"மண்டி போடறதா? நல்ல ஆளப் பாத்து சொன்னே போ! என் பொழப்பே அதுதாம்மா."

மைதானத்தில் கொடுத்த முட்டிக் கவசத்தை அவள் தொடக்கூட இல்லை. வேலைக்குப் போடும் தன்னுடையதையே மாட்டிக்கொண்டாள். வந்தது வினை. ஈரத் தரையிலும் நகராமல் பிடித்துக்கொள்ளச் செய்த ரப்பர் அது. சரிவில் மண்டி போட்டதும் முட்டி ஒட்டிக்கொண்டது, உடம்பு முன்னால் போனது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. தாடைக்குத் தையல் போட வேண்டியிருந்தது.

"இன்னொரு தடவ ரத்தத்தோட வந்தே, பலகை பரண்ல ஏறிடும்" என்றார் வீட்டுக்காரர். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டிய கையோடு ரப்பர் கவசத்தைக் கழற்றி வேலைப் பையில் போட்டாள்.

வழுக்கும் பிளாஸ்டிக் மூடி வைத்த கவசத்துக்கு மாறினாள். பலகையே இல்லாமல் சரிவில் ஓடி ஏறுவாள், மண்டி போடுவாள், வழுக்கி வருவாள். பழகப் பழக இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து. வாரக்கணக்கில் இதே வேலை.

உச்சியிலிருந்து இறங்கும் நாளில் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து கீழே நின்றார். கையில் பஞ்சும் மருந்தும் வைத்த பை.

விளிம்பில் பலகையின் வால் நுனியை மிதித்து, முன்பாதி அந்தரத்தில் நீட்டியிருக்க நின்றாள். முன்னால் சாய்ந்தாக வேண்டிய நொடியில் பயந்து பின்னால் சாய்ந்துவிட்டாள். பலகை பறந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முட்டிகள் தாமாகவே சேர்ந்தன. சர்ரென்று வழுக்கி வந்து அவர் காலடியில் நின்றாள். ஒரு கீறல் இல்லை.

"என்னங்க, கண்ணத் தொறங்க. முழுசாத்தான் இருக்கேன்."

மறுபடி ஏறினாள். இந்த முறை நெஞ்சை முன்னால் தள்ளி ஓங்கி மிதித்தாள். வயிறு ஒரு கணம் காணாமல் போனது, பிறகு காற்றுதான். எதிர்ச்சுவரில் ஏறி, அதே வேகத்தில் திரும்பி வந்து நின்றபோது, சந்தோஷம் தாங்காமல் கத்தியேவிட்டாள். பல் ஆஸ்பத்திரிக்காரி பலகையைத் தரையில் தட்டித் தட்டி ஆர்ப்பரித்தாள்.

வீட்டுக்காரர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இது இருக்கட்டும். மொதல்ல விழுந்தியே, அத இன்னொரு தடவ காட்டு. நான் சரியாப் பாக்கல."

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார்.