பெடாஸ் மலையடியில் இன்சுலினுக்கு ஓர் இடம்

போன வருஷ வெள்ளத்தில் செனாவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. நான் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் அம்மாவும் அவருடைய இன்சுலினும். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி மாக்சிக் ஜைனாப், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மீன் விற்பவர். அவருடைய ஐஸ்பெட்டியில் வைத்ததால் மருந்து கெடவில்லை. அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பித் திட்டம் போட முடியாது. அதனால், கரண்டும் குழாய்த் தண்ணீரும் நின்றாலும் வாழக்கூடிய நிலம் தேடி, இந்தப் பிப்ரவரியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பெடாஸ் பக்கம் போனேன்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். டோல் இல்லாத பழைய சாலை, 22 கிலோமீட்டர். பெடாஸில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு, விலை ஐந்து வெள்ளி. பிறகு செம்பனைத் தோட்டத்துக்குள் ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. சின்னக் கார் போகும். மழையில் போகாது, முயலாதீர்கள்.

பனை வரிசை முடிந்த இடத்தில் காடு. முதலில் சத்தம்தான் வந்தது. மூன்று வாரமாக மழையே இல்லை; பாறை இடுக்கில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பத்து லிட்டர் வாளி நாலு விநாடியில் நிறைந்தது. பன்னிரண்டு மீட்டர் இறக்கம். சின்ன டர்பைன் வைத்தால், பாதி வீணானாலும் நூற்றைம்பது வாட், பகலும் இரவும், பம்ப் இல்லாமல். மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடை. நான் எதையும் பார்த்து வாய் பிளக்கிற ஆள் இல்லை. அங்கே முழங்கால் தண்ணீரில் சும்மா நின்றேன். இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் கடந்தது. அதன் சிறகடிப்பு அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க லா தம்பி, இன்னொரு ஆளு பாத்துட்டுப் போயிருக்காரு" என்றார் எங்களுக்கு வழிகாட்டி வந்த நிலத்தரகர்.

"மூணு கிலோமீட்டருக்கு ஆளே கிடையாது மா. நாம ஆபத்துக்குன்னு சேத்து வச்சத எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான்" என்றேன்.

அம்மா பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார். "தண்ணி ஜோரா இருக்கு. நீ நைட் ஷிஃப்ட் போயிருக்கப்ப சீனி எறங்கி மயங்கிட்டேன்னா யாரக் கூப்பிடுறது? கொரங்கையா?"

"போன் இருக்குல்ல?"

"லைன் இருக்கா பாரு."

இல்லை.

"அன்னைக்கி வெள்ளத்துல இன்சுலின ஐஸ் படாம துண்டுல சுத்தி வச்சது யாரு? ஒன் டர்பைனா?"

இடத்துக்கு மதிப்பெண் போட்ட நோட்டைத் திறந்தேன். ஆளில்லாத இடம் என்பதற்கு நான் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன்.

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போகிறவர்களுக்கு: வறண்ட மாதத்தில் போய்த் தண்ணீரை அளந்து பாருங்கள். ஓடைத் தண்ணீர் எடுக்க அனுமதி வேண்டுமா என்று நில அலுவலகத்தில் கேளுங்கள். ரெம்பாவ் வட்டாரத்தில் பல நிலங்கள் மலாய்க் குடிவழி நிலங்கள், நம் பேருக்கு மாறாது. கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

அந்த அருவியைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் சூரியத் தகடு, பேட்டரி, பன்னிரண்டு வோல்ட் குளிர்ப்பெட்டி மூன்றும் இப்போது எங்களுக்கும் மாக்சிக் ஜைனாப் வீட்டுக்கும் பொதுவான சுவர் ஓரமாக இருக்கின்றன. பெட்டியின் மேல்தட்டில் அம்மாவின் இன்சுலின், கீழே மாக்சிக்கின் கெம்போங் மீன். நாறுகிறது. இருக்கட்டும்.