தங்கச்சிக்கு ஒரு யன்னல் தேடிய கதை

எங்கள் வீட்டில் யாரும் 'ஆமா' என்று சொல்லக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்த நாட்கள் அவை. 'ஓம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'பேசுறது' கிடையாது, 'கதைக்கிறது'. 'வாங்க' கிடையாது, 'வாங்கோ'. அப்பா 'ஓம்' என்றால் பூசைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும், இருமல் இழுப்பாகும். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே அப்பாவையும் என்னையும் முறைப்பாள்.

இந்தக் கூத்தெல்லாம் அந்த இழுப்புக்காகத்தான். தங்கச்சிக்கு அப்போது ஏழு வயது. நான் படிப்பை முடித்து வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் நாலு பேரும் இருந்தோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாயடி. அந்த மாதிரி இடத்துக்குக் கொழும்பில் தோட்டம் என்று பெயர். தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தப்பித்து வந்த அப்பாவுக்கு இங்கேயும் தோட்டமே வாய்த்தது. அவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். அம்மா இரண்டு வீடுகளில் வேலை செய்தாள்.

எங்கள் அறைக்கு யன்னல் இல்லை. பின்சுவர் சாக்கடைக் கானோடு ஒட்டியிருந்ததால் வருடம் முழுக்க ஈரம். காஸ் விலை ஏறியதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் விறகுக்கு மாறினார்கள், நாங்களும்தான். புகை வெளியே போக வழியில்லாமல் தங்கச்சியின் நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன்: மருந்து மட்டும் போதாது, காற்று வருகிற வீட்டுக்கு மாற வேண்டும்.

"மருந்த மாத்துற மாதிரி லேசா சொல்றாரு" என்றாள் அம்மா.

முதலில் சிங்களவர்கள் இருக்கும் இரத்மலானைப் பக்கம் தேடினேன். என் சிங்களம் கொழும்புச் சிங்களம், போனில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை பேர், என்ன வேலை, எப்போது வருவீர்கள் என்று அன்பாகக் கேட்பார்கள். கடைசியில் பெயரைக் கேட்பார்கள். தமிழ்ப் பெயரைச் சொன்னதும், "அய்யோ நங்கி, இன்றைக்குக் காலையில்தான் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார்" என்பார்கள். நங்கி என்றால் தங்கச்சி; குரலில் அன்பு கொஞ்சமும் குறையாது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினாலாவது நானும் திட்டியிருப்பேன்.

சரி, தமிழர் வீடுகளில் கேட்போம் என்று வெள்ளவத்தைக்கு வந்தேன். அங்கே பெயரில் பிரச்சினை இல்லை, ஊரில்தான். தேயிலை விளையும் மலையகத்தில் பதுளைப் பக்கம் என்றதும் பேச்சு தேய்ந்துவிடும். "நாங்கள் எங்கடை ஆக்களுக்குத்தான் குடுக்கிறது" என்று ஒருவர் நேராகவே சொன்னார். நாங்கள் யாருடைய ஆட்கள் என்று அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் கடையில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண் ஓர் அறையைப் பற்றிச் சொன்னாள். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் கீழ்வீட்டின் பின்னறை. பெரிய யன்னல் உண்டு. சொந்தக்கார அன்ரி மேலே தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாட்டில். "ஊரைக் கேட்டால் வவுனியா எண்டு சொல்லுங்கோ. அங்கை எல்லாரும் கலந்துதான் இருக்கினம்" என்று சொல்லி, எனக்குத் தங்கள் பேச்சையும் பழக்கிவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து மற்றவர்களைப் பழக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பேரும் குளித்து, இருந்ததில் நல்லதை உடுத்துக்கொண்டு போனோம். அன்ரி முதலில் அறையைக் காட்டினார். தங்கச்சி நேரே யன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. காற்று அவள் தலைமயிரைக் கலைத்தது. அவள் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அந்த அறை எங்களுக்கு வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

மேலே கூட்டிப்போய்க் கதிரைகளில் உட்கார வைத்து அன்ரி தேத்தண்ணீர் தந்தார். "ஊர் எவடம்?" என்றார். அப்பா, "வவுனியாப் பக்கம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர் அவ்வளவு அழகாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'ஓம்' கூட இரண்டு முறை சரியான இடத்தில் வந்து விழுந்தது. அம்மா பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்ரிக்கு எங்களைப் பிடித்துவிட்டது. "நில்லுங்கோ, திறப்பை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சாவி எடுக்க அறைக்குள் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா எழுந்தாள். எல்லோருடைய கோப்பைகளையும் எடுத்தாள், குசினிக்குள் போனாள். எனக்குக் கொஞ்ச நேரம் என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கோப்பைகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. காலையிலிருந்து கிடந்த இரண்டு சட்டிகளையும் தேய்த்துவிட்டாள். சிங்க்கைச் சுற்றித் துடைத்து, துணியைப் பிழிந்து, உதறி, காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் தூக்கத்திலிருந்து எழுந்தவளைப் போல என்னைப் பார்த்தாள். வாசலில் அன்ரி திறப்போடு நின்றார்.

"எத்தினை வீட்டிலை வேலை செய்யிறியள்?" என்றார்.

"ரெண்டு வீடுங்க."

"மலையகமோ?"

"ஆமாங்க."

என் சட்டம், பயிற்சி எல்லாம் அதோடு போனது. அப்பா எழுந்து நின்றார். நான் தங்கச்சியைக் கூப்பிடத் திரும்பினேன்.

ஆனால் அன்ரி கோபப்படவில்லை. உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொன்னார். எதற்காக வீடு மாறுகிறோம் என்று கேட்டார். தங்கச்சியின் இழுப்பைப் பற்றி அம்மா சொன்னதும், "முட்டு வருத்தம் பொல்லாதது" என்று அவளைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார். பிறகு சொன்னார்: "எனக்கும் வேலைக்கு நிண்ட பிள்ளை டுபாய்க்குப் போயிட்டுது. நீங்கள் பின்னறையிலை இருங்கோ. வாடகை வேண்டாம். சமையலையும் வீட்டையும் பாத்தால் போதும். பிள்ளையும் நல்ல காத்திலை இருக்கும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான். அம்மா சரி என்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்று சொல்லியே பிழைத்தவள் அவள்.

"வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. "குடுத்துட்டு இருக்கிறோம். வேலைய நா வேற வீட்டுல செஞ்சுக்கிறேன்."

அன்ரிக்கு விளங்கவில்லை. "இஞ்சை செய்தால் என்ன? படியேறி வந்தால் வேலை. சுகம்தானே?"

"எனக்குச் சுகம்தாங்க. ஆனா இங்க வேலை செஞ்சா எம்புள்ள இந்த வீட்டுல வேலைக்காரி புள்ளயா வளரும். வாடகை குடுத்தா வாடகைக்கு இருக்கிறவங்க புள்ளயா வளரும்." அம்மா என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் என்னை நோக்கிக் காட்டினாள். "பெரியவ அப்படித்தாங்க வளந்தா. நா வேலை செஞ்ச வீட்டுல, குசினிப் படியில உக்காந்துதான் பாடம் படிப்பா. அந்த வீட்டுப் புள்ளைங்க விளையாடக் கூப்புட்டாகூட என் மூஞ்சப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பா. இப்பவும் ஒரு இடத்துக்குப் போனா கதிரை நுனியிலதான் உக்காருவா, பாருங்க."

நான் கதிரை நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் படியைப் பற்றி நான் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வேலை மும்முரத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி திறப்பை அம்மாவின் பக்கம் நீட்டினார்.

"வாடகையிலை ஒரு ரூபாயும் குறைக்கமாட்டன்" என்றார்.

"குறைக்க வேணாங்க" என்றாள் அம்மா.