கடலுக்குள் இறங்க ஓர் இடம்

அந்த வீடியோவை நான் பார்த்தது டீ டயத்தில். பத்து நிமிஷம்தான் இடைவேளை. அதில் நாலு நிமிஷம் டீக்கு வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். மீதி ஆறு நிமிஷத்தில், பக்கத்து டேபிளில் ஷூ செக் பண்ணும் என் தோழி தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். என் வயது இருக்கும் ஒரு பெண், கறுப்பு ரப்பர் உடை போட்டுக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறாள். கீழே பவளப்பாறை, காலிஃப்ளவரைக் கவிழ்த்து வைத்த மாதிரி. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து அவளைச் சுற்றிக்கொண்டு போகின்றன. என்னைப் பிடித்து இழுத்தது மீன் இல்லை. அந்த வீடியோவில் சத்தமே இல்லை. பின்னால் ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை.

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்கள் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் தையல் லைன், இடது பக்கம் கம்ப்ரஸர், தலைக்கு மேலே மின்விசிறி, நடுவில் சூப்பர்வைசர். பதினாறு வருஷமாக நான் கத்தித்தான் பேசுகிறேன். மாதனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். "பக்கத்துலதாம்மா உக்காந்துனு இருக்கேன்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் வேறொரு கம்பெனியில் லெதர் கட்டிங். அவருக்கும் அங்கே சத்தம்தான், ஆனால் மனுஷன் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எனக்கு அப்படி இல்லை. எனக்குச் சும்மா உட்காரவே வராது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொன்னேன். "பொங்கல் லீவுல நாம கடலுக்கு அடியில போறோம்."

"மெரினாவுக்குப் போலாம்" என்றார்.

"அடியிலன்னு சொன்னேன்."

"சரி, எங்கன்னு நீயே பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் செய்த தப்பு அதுதான். எங்கே என்று பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கக் கூடாது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஷூவைக் கையில் எடுத்து, தையல்மேல் கட்டைவிரலை ஓட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். சரியாக இருந்தால் உள்ளே, லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்குக்கு அடியில் என் நம்பரை ஸ்டாம்ப் அடிப்பேன். நாற்பத்தொன்று. எந்த ஊரில் எவர் காலில் அந்த ஷூ பிய்ந்தாலும், யார் பாஸ் பண்ணினது என்று அந்த நம்பர் சொல்லிவிடும். ஒரே ஒரு தடவை, லாரி கேட்டில் நின்றுகொண்டிருந்த அவசரத்தில், பார்க்காமலேயே நாலு ஜோடிக்கு அடித்தேன். அதில் ஒன்று பசை விட்டுத் திரும்பி வந்தது. யாரும் பெரிதாகத் திட்டவில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஆம்பூர் கடைத்தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் இந்தியா மேப் ஒன்று வாங்கிவந்து சுவரில் மாட்டினேன். மீந்துபோன அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று கைப்பையில் இருந்தது. புதுச்சேரியில் ஆரம்பித்தேன். பஸ் ஏறினால் போய்விடலாம், ஆனால் போனவர்கள் எழுதியதைப் படித்தால் ஒருவர் கண்ணாடி மாதிரி தண்ணீர் என்கிறார், இன்னொருவர் தன் கையே தனக்குத் தெரியவில்லை என்கிறார். ஒட்டு ஓர் அம்பு. ராமேஸ்வரம் பக்கம் பாறை கரைக்குக் கிட்டேயே இருக்கிறதாம். போன் போட்டால், காற்றைப் பொறுத்துத்தான் மேடம் என்றார்கள். காற்றைப் பொறுத்து நான் லீவ் எழுதிக் கொடுக்க முடியுமா? அம்பு. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கப்பலோ விமானமோ கிடைக்க வேண்டும். அம்பு. கர்நாடகக் கரையில் முருடேஸ்வரத்துக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறது, நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் நல்ல இடம் என்று சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதற்கும் அம்பு. கடைசியில் அந்தமான். தூரம், விமானம், அதற்குப் பிறகு ஒரு படகு வேறு. அதற்கு இரண்டு அம்பு.

ஒரு பொங்கல் போனது. மே மாத லீவு போனது. மறுபடியும் மார்கழி வந்தது.

"இன்னாமா இது, இந்தியாவையே ரிஜெக்ட் பண்ணிட்டியா?" என்றார் வீட்டுக்காரர், மேப்பைப் பார்த்து.

டேபிளில் தோழி இன்னும் நேராகவே கேட்டாள். "ஊருங்க எல்லாத்தையும் ஃபெயில் பண்ணிட்ட. உண்மையைச் சொல்லு, உனக்குப் போவணுமா வேணாமா? ஏன் இப்டி பேஜாரு பண்ற?"

எனக்குப் போக வேண்டும். பைத்தியம் பிடித்த மாதிரி போக வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது வேறு ஒன்று.

என் இடது காதில் ஓட்டை இருக்கிறது. சின்ன வயதில் சீழ் வடிந்துகொண்டே இருந்த காது அது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அதனால் ஒரு பெருமைகூட இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஊதினால், இடது காது வழியாகக் காற்று விசில் மாதிரி வெளியே வரும். பெண்கள் வரிசையில் நின்று என் காதில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். மகள் பிறந்த பிறகு ஒரு தடவை காது டாக்டரிடம் போனேன். ஜவ்வில் ஓட்டை, ஆபரேஷன் செய்து அடைத்துவிடலாம், அதுவரை தண்ணீர் படக் கூடாது என்றார். மயக்க மருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தச் சீட்டை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தவள்தான். மயங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு பயம். தலைக்கு ஊற்றும்போது தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்வேன். மகள் இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிறாள். அத்தனை வருஷம் பஞ்சு போட்டிருக்கிறேன். எனக்கு அவ்வப்போது காது வலிக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஓட்டை விஷயத்தைச் சொல்லவே இல்லை. சொன்னால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவார்.

கடலுக்கு அடியில் போகக் காது நன்றாக இருக்க வேண்டும் என்பதை முதல் வாரமே படித்துவிட்டேன். அதைப் படித்த பிறகுதான் புதுச்சேரித் தண்ணீர் எனக்குக் கலங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. ராமேஸ்வரத்துக் காற்றும் அப்படித்தான். இதை இன்று சொல்ல முடிகிறது. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த மார்கழியில் வீட்டுக்காரர் என்னிடம் கேட்காமலேயே அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். "ரெண்டு அம்பு ஒட்டினதே அதுக்குத்தான். அதான் உனக்கு ஜாஸ்தி பிடிச்சிருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. கிளம்பும்வரை பெட்டியை அடுக்கினேன், பிரித்தேன், மறுபடி அடுக்கினேன்.

ஹேவ்லாக் தீவில் அந்த டைவிங் கடை ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னை அக்கா என்றாள். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான் கையை விடமாட்டேன் என்றாள். பிறகு ஆளுக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தாள். இதய நோய், வீசிங், வலிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. ஆறாவது கேள்வி காது.

அங்கிருந்து கடல் தெரிந்தது. கண்ணை உறுத்துகிற அளவுக்குப் பச்சை. என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, ஒரு டிக் அடித்தால் இருபது நிமிஷம் சத்தமில்லாமல் இருக்கலாம் என்று தோன்றியது. இல்லை என்பதில் டிக் அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். போடும்போதே நாற்பத்தொன்று நினைவுக்கு வந்தது. குறை இருப்பது தெரிந்தே ஒன்றைப் பாஸ் பண்ணியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றோம். வீட்டுக்காரர் என் இடது பக்கம். கைச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள். "கீழ போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும். இப்ப ஒருதடவை செஞ்சு காட்டுங்க."

வீட்டுக்காரர் ஊதினார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"ஊதுங்கக்கா."

ஊதினேன். முடிந்தவரை மெதுவாகத்தான் ஊதினேன். பள்ளிக்கூடத்தில் வந்த அதே விசில், ஒரு சுருதியும் குறையாமல், இடது காதிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் திரும்பினார். "இன்னா சத்தம் அது?" என்றார். வாழ்நாள் முழுக்க எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷனுக்கு அது மட்டும் கேட்டுவிட்டது.

அந்தப் பெண் இன்னொரு தடவை ஊதச் சொல்லி, பக்கத்தில் வந்து கேட்டாள். திட்டவில்லை. "தண்ணி உள்ள போனா தலை சுத்தும்க்கா. எது மேல, எது கீழன்னே தெரியாது. நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றாள். நான் கெஞ்சினேன். பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றேன். நாற்பது வயதுக்காரி தண்ணீரில் நின்று கெஞ்சுவது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் தலையை ஆட்டிவிட்டாள். அவளும் ஒரு செக்கர்தானே.

"அப்ப நானும் வரல" என்றார் வீட்டுக்காரர்.

"போங்க. நீங்களாவது போய்ட்டு வாங்க" என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூச்சு விடும் குழாயை வாயில் வைத்துக்கொண்டார்.

கரையில் நடந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். அவர் போன இடத்தில் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். என் கடலுக்குள் அவர் போய்விட்டார் என்று பொறாமையாக இருந்தது. திரும்பி வரவேண்டுமே என்று பயமாகவும் இருந்தது. அரை மணி நேரத்தில் இரண்டும் மாறிமாறி வந்து என்னைப் படுத்திவிட்டன.

வெளியே வந்தவர் மணலில் அப்படியே உட்கார்ந்தார். முகத்தில் கண்ணாடியின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"எப்டி இருந்துச்சி?"

"மீன் இருந்துச்சி."

"இன்னா கலரு?"

"எல்லா கலரும்."

பதினெட்டு வருஷமாக லெதர் வெட்டுகிறவர். பழுப்பில் பத்து வகை சொல்லுவார். மீனுக்கு எல்லா கலருமாம். எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. கடைசியாக, எனக்கு வேண்டியதைக் கேட்டேன். "சத்தமே இல்லையா?"

தலையைச் சாய்த்துக் காதிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டார். "அட நீ ஒண்ணு. மூச்சு உள்ள இழுத்தா ஒரு சத்தம், வெளிய விட்டா கொடகொடன்னு ஒரு சத்தம். நம்ம கம்ப்ரஸர் கிட்ட நின்ன மாதிரி. நீ போயிருந்தா அங்கயும் சண்டைதான் போட்டிருப்ப."

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு மீதி இருந்த இரண்டு நாளும் சிரிக்க முடியவில்லை. அவர் நிஜமாகச் சொன்னாரா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா? படகில் கேட்டேன், விமானத்தில் கேட்டேன், சென்னையிலிருந்து வரும் ரயிலில் வாலாஜா தாண்டும்போது கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே கம்ப்ரஸரைத்தான் சொன்னார். தையலைத் தொட்டாலே எங்கே விட்டுப்போகும் என்று சொல்லுகிறவள் நான். இவர் முகத்தில் மட்டும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் தோழி ஓடிவந்தாள். "இன்னா, பாஸா ஃபெயிலா?" என்றாள்.

"தெரியல" என்றேன். டீ டயத்தில் காது விஷயத்தை அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். ஷூக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றை எடுத்தேன், விரலை ஓட்டினேன், திருப்பினேன், ஸ்டாம்ப் அடித்தேன். என் கை படாத ஜோடியில் என் நம்பர் விழாது. அடுத்தவர் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னாலும் விழாது. கடலுக்கும் அப்படித்தானே என்று அன்று முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வேலூரில் காது டாக்டரிடம் போனேன். அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்த பழைய சீட்டைக் கொடுத்தேன். அதில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம், கடலுக்குள் போவதைப் பற்றி நன்றாக ஆறிய பிறகுதான் சொல்ல முடியும் என்றார். பிறகு கேட்டார். "இத்தனை வருஷம் இன்னாம்மா பண்ணீங்க?"

"இடம் பாத்துனு இருந்தேன், சார்."

டாக்டருக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுங்கள் என்றார். அப்போதுதான் கவனித்தேன், என் கால் ஆடவில்லை. பயத்தில் அப்படியே உறைந்துபோயிருந்தது.