மைக் நிறுத்திய நாற்பது நிமிடம்

பகாவ் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மோகனாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், கம்ப்யூட்டரில் கேன்சரைப் பார்க்கிற பிள்ளை என்பார்கள். அது ஒன்றும் தவறில்லை. கட்டிகளின் மரபணுக்களைக் கணினியில் அலசி, யாருக்கு எந்த மருந்து ஒத்துப்போகும் என்று தேடுவதுதான் அவள் படிப்பு. முனைவர் பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாகியும் வேலை அமையவில்லை. மந்தின் டவுனில் அறை எடுத்து, டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிகளுக்கு விண்ணப்பித்தபடி இருந்தாள். ஒன்பது இடங்களில் மிக மரியாதையாகக் கைவிரித்தார்கள். பத்தாவது மெல்பர்ன்.

அந்த ஒன்றின் மேல் அவளுக்கு ஆசையைவிடப் பிடிவாதம் அதிகம். நான்கு வருடத்துக்கு முன் அவள் அம்மா செல்லம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. அப்போது செய்த மரபணுச் சோதனையில் ஒரு மாற்றம் தெரிந்தது. அது ஆபத்தானதா இல்லையா தெரியவில்லை, இந்திய வம்சாவளியினரின் தகவல் போதிய அளவு இல்லை என்று அறிக்கை முடிந்துவிட்டது. அதே மாற்றம் மகளுக்கும் இருக்கலாம். தெரியவில்லை என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது மோகனாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. இந்தத் தகவல்களைத் திரட்டுவதற்கென்றே மெல்பர்னில் ஆள் தேடினார்கள்.

நேர்காணல் வந்து விழுந்ததோ தோட்டத்துக் கோயில் திருவிழாவன்று, காலை பதினொரு மணிக்கு. தேதியை மாற்றிக் கேட்க மோகனாவுக்குத் தைரியம் இல்லை. குணமானதற்கு வருடா வருடம் பால்குடம் எடுக்கும் அம்மாவிடம், நான் வரவில்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீடு கோயிலுக்கு நேர் பின்னால். ஒலிபெருக்கி ஒன்று சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி கட்டியிருந்தது.

கோயில் தலைவர் ரவிச்சந்திரன் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர்தான், மைக்கைக் கையில் கொடுக்காதவரை. நாற்பது நிமிடம் சத்தம் இல்லாமல் வேண்டும் என்று மோகனா தயங்கித் தயங்கிக் கேட்டதும், இது தோட்டத்துக்கே பெருமையாச்சே என்று வாக்குக் கொடுத்தார்.

சொன்னபடியே பாட்டு நின்றது. உறுமியும் நின்றது. பால்குடங்கள் ஆற்றங்கரையிலேயே காத்திருந்தன. மடிக்கணினியில் மூன்று முகங்கள் தெரிய, மோகனா தன் ஆய்வைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். ஏழாவது நிமிடம் ஜன்னல் அதிர்ந்தது.

"பக்தகோடிகளே, அமைதி, அமைதி. நம்ம செல்லம்மா மக மோகனாவுக்கு இண்டர்வியூ நடக்குது. யாரும் சத்தம் போடாதீங்கலா. மோட்டர் எடுக்கிறவங்க இஞ்சின் போடாம தள்ளிக்கிட்டே போங்க."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே அறிவிப்பு. பிறகு, ஐஸ் விற்கிறவர் மணியை ஆட்டக் கூடாது என்று கூடுதலாக ஒன்று. தோட்டம் மூச்சு விடாமல் இருந்தது. சத்தம் போட்டது ரவிச்சந்திரன் ஒருவர்தான்.

திரையில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி, அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். மழுப்பிவிடலாம் என்றுதான் மோகனா பார்த்தாள், வாய் ஒத்துழைக்கவில்லை. பத்தாவதும் போச்சு என்று நினைத்துக்கொண்டே உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அடுத்த கேள்வி அந்தப் பெண்மணியிடமிருந்தே வந்தது. இத்தனை வருடமாக எந்த ஆய்விலும் சேராத மக்கள், உங்களுக்கு மட்டும் ஏன் ரத்தம் கொடுப்பார்கள்?

அதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். அத்தனையும் மறந்துபோனது. ஜன்னலைக் காட்டி, அந்த மைக்கில் பேசுகிறவரிடம்தான் முதலில் போவேன் என்றாள். இவர்கள் மாட்டேன் என்று சொன்னதில்லை, இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை என்றாள். எனக்காக இன்று பால்குடங்கள்கூட வெயிலில் நிற்கின்றன என்று முடித்தாள். அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் வேலை உறுதியானது. செய்தி தெரிந்த சாயங்காலமே ரவிச்சந்திரன் மைக்கை எடுத்து இரண்டு முறை அறிவித்தார். மோகனா சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளும் அந்த அறிவிப்புக்காகத்தான் காத்திருந்தாள்.

அடுத்த வருடம் கோயில் மண்டபத்தில் அவளுடைய முதல் ரத்தச் சேகரிப்பு முகாம். காலையிலிருந்தே ஆட்களைக் கூப்பிட்டு ரவிச்சந்திரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. செல்லம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, கையை நீட்டினாள்.

"அன்னைக்கு அந்தப் பேப்பர்ல தெரியலன்னு எழுதுனாங்கள்ல. எடுத்துக்கிட்டுப் போம்மா. தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்லு."

அவளுக்குப் பின்னால் வரிசை தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நின்றது.