அச்சாறுப் பந்தும் நஸீரின் ராத்திரியும்

சத்தம் அளக்கிறவனுக்கு ஒரு சாபம் இருக்கிறது: மீட்டரைக் கண்டதும் ஊரே அதனிடம் வந்து கத்தும். என்னைப்போல முக்காலியும் மைக்குமாகத் திரிகிற பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எத்தாளைப் பக்கம் கடலோர ஹோட்டலொன்று பிக்கிள்போல் மைதானம் போட்டது. சின்ன வலைக்கு இரண்டு பக்கமும் நின்று, மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடிக்கிற விளையாட்டு. பிக்கிள் என்றால் அச்சாறு, அதாவது ஊறுகாய், என்று எவரோ சொல்லிவிட, ஊருக்கு அது அச்சாறுப் பந்து ஆகிவிட்டது. வேலிக்கு அடுத்த வீடு மீனவர் நஸீருடையது. அவர் மனைவி ரிஸானா போட்ட முறைப்பாட்டில்தான் நான் போனேன்.

உச்ச அளவு

மீட்டரை வேலியோரம் நிறுத்தினேன். ரிஸானா பக்கத்தில் வந்து, அந்த டொக் டொக் தன்னைப் படுத்துகிற பாட்டை மீட்டருக்கே விளங்கும்படி எடுத்துச் சொன்னார். அன்றைய உச்ச அளவு அவருடைய குரல்தான்! ஹோட்டல் மனேஜர் நிமல் சிலாபத்துச் சிங்களவர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அனே சேர், அப்ப அவங்களுக்கும் ஒரு கேஸ் போடுவமா?"

காத்துக் கணக்கு

பின்னேரம் மறுபடி அளந்தேன். கச்சான் காற்று பேயாய் அடித்தது. சராசரி பார்த்தால் பந்தைவிடக் காற்றின் சத்தம்தான் அதிகம், விதிப்படி குற்றமில்லை. இதை நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்க, ரிஸானா தன் கணவரைப் பற்றிச் சொன்னார்: "காத்துக்கு என்ட மாப்பிள எழும்புறல்ல சேர். இந்த டொக்குக்குத்தான் திடுக்கிட்டு எழும்புறார்."

பெரிய மனசு

நிமல் நல்ல மனிதர். சட்டம் கட்டாயப்படுத்தாமலே, பொழுது சாய்கிற மஃரிப் முதல் விடியும்வரை ஆட்டமில்லை என்று பலகை போட்டார். விருந்தாளிகள் எல்லாரும் காலைக்கு மாறினார்கள். நானும் அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மூளை எங்கே போனதோ!

நஸீர் மஃரிப் தொழுதுவிட்டுக் கடலுக்குப் போய், விடியற்காலைச் சுபஹுக்குப் பிறகு கரைக்கு வருகிறவர். அவர் கண்ணயர்கிற நேரம் பார்த்து இப்போது முழு ஹோட்டலும் பந்தடித்தது. கொஞ்ச நாளில், எஞ்சினைப் பிடித்தபடியே தூங்கிப்போய்க் கடலில் விழுந்துவிட்டார். கூடப் போனவர் இழுத்து ஏற்றியிராவிட்டால் மையித்துத்தான் கரைக்கு வந்திருக்கும். கேள்விப்பட்டதும் ஓடிப் போனேன். ரிஸானா இந்த முறை கத்தவேயில்லை. "ராவையில ஆர் சேர் எங்கட வீட்ட படுக்கிற? எங்களுக்கு ராவு தொடங்குறதே வெயில் ஏறினாப் பிறகுதான்."

வாசல் திரைக்கு வெளியே

அடுத்த நாள் காலை நிமலையும் கூட்டிக்கொண்டு போனேன். நஸீர் படுத்திருந்த அறைக்குள் மைக்கை வைத்துவிட்டு, வாசல் திரைக்கு வெளியே கதிரை போட்டு இருந்தோம். சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக அளந்தேன். காற்றில்லாத அந்தக் காலையில் ஒவ்வொரு டொக்கும் மீட்டரில் ஆணிபோல எழும்பியது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நிமல் கையிலிருந்த பிளேன்டீயைக் குடிக்காமலே எழும்பினார். "போதும் சேர், மெஷினை ஓஃப் பண்ணுங்க. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்வரைக்கும் ஒருத்தனும் மட்டையத் தொடமாட்டான்."

கடைசி அளவு

பின்னேரக் காற்றில் பந்து பறந்துபோகிறது என்று விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள். நிமல் மசியவில்லை. சரிபார்க்க நான் ஒரு காலையில் போனபோது மைதானம் வெறிச்சென்று கிடந்தது. ஆனால் அறைக்குள் மைக்கை வைத்ததும் மீட்டர், பந்து காட்டாத உச்சத்துக்கெல்லாம் ஏறி இறங்கியது. பார்த்தால், நஸீரின் குறட்டை! பதியலாமென்று பேனையை எடுத்தேன். ரிஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்: "அத எழுதிராதீங்க சேர். இந்தச் சத்தத்துக்கு நான் முறைப்பாடு போடமாட்டன்."

ஆக, எவ்வளவு சத்தம் என்பதை என் மீட்டர் சொல்லிவிடும், அந்த வீட்டில் இப்போது ராவா பகலா என்பதை மட்டும் வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும்.